வெள்ளத்தில் ஊறிய ஊஞ்சல் பலகை: பழுது பார்த்த ஒரு நிகழ்வின் முழுப் பதிவு

கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில் ஒரு குடும்பத்தின் தேக்கு ஊஞ்சல் 2024 டிசம்பர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. அதை மறுபடி தொங்கவிட்டு ஆட்கள் உட்காரும் நிலைக்குக் கொண்டுவந்த வேலை, புதுச்சேரியில் நாங்கள் நடத்தும் பழைய மரச்சாமான் பட்டறையில் நடந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன். பலகை பிளந்ததற்கு வெள்ளத்தைவிட, பல வருடங்களுக்கு முன் நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு பழுதுபார்ப்புதான் பெரிய காரணம். அதே மாதிரி வேலை செய்த ஊஞ்சல்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இந்தப் பதிவு.

பின்னணி

பலகை 6 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றே முக்கால் அங்குல கனம். ஒட்டு எதுவும் இல்லாத ஒரே துண்டு. இந்த அகலத்தில் ஒரே பலகையாகத் தேக்கு கிடைப்பது இன்று அரிது. கடையில் வருவது பெரும்பாலும் மூன்று நான்கு துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டியதுதான். குடும்பத்தில் இதைப் பர்மா தேக்கு என்பார்கள். ரங்கூனில் வியாபாரம் செய்த முன்னோர் ஒருவர் கொண்டுவந்ததாகப் பேச்சு. பர்மாத் தேக்கும் நம் நாட்டுத் தேக்கும் ஒரே இன மரம்தான் என்பதால், பழுது பார்க்கும் முறை அதனால் மாறப்போவதில்லை.

வீடு முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. கூடத்து உத்திரத்தில் நான்கு கொக்கிகள்; கிளியும் யானையும் கோத்த பித்தளைச் சங்கிலிகள். பலகையின் மேல்முகத்தில் ஒரு முனையில் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தையும் மறுமுனையில் தாயக்கட்டத்தையும் யாரோ ஆணியால் கீறி வைத்திருக்கிறார்கள். எந்தத் தலைமுறைப் பிள்ளைகள் கீறியது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. முன்விளிம்பு, கால்கள் உரசி உரசி உருண்டு போயிருந்தது.

இந்த ஊஞ்சல் மழையும் வெள்ளமும் பார்த்ததுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் ஓடுகள் பறந்து கூடத்துக்குள் மழை கொட்டியது. பலகை தொங்கிக்கொண்டே இருந்ததால் இரண்டு பக்கமும் காற்றுப் பட்டுத் தானாகக் காய்ந்துவிட்டது. 2015 வெள்ளத்தின்போது சங்கிலியைச் சுருட்டி, பலகையை உத்திரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். இரண்டு தடவையும் சேதம் இல்லை.

2024 டிசம்பரில் நடந்தது

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அதோடு முடியவில்லை. மேற்கே திருவண்ணாமலைப் பக்கம் பெய்த மழையில் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 விடியலில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். தென்பெண்ணையின் கடைசிப் பகுதியில் இருக்கும் ஊர்களுக்கு வெள்ளம் புயல் ஓய்ந்த பிறகுதான் வந்தது. மழை விட்டுவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில் தண்ணீர் தெருவுக்கு வந்ததால், சாமான்களை மேலே ஏற்ற அவகாசம் குறைவு.

இந்த வீட்டில் ஊஞ்சல் பலகையைக் கழற்றி, இரண்டு பெஞ்சுகளின் மேல் குறுக்காகப் போட்டு, அதன்மேல் அரிசி மூட்டைகளையும் மிக்ஸி, கிரைண்டர் போன்றவற்றையும் அடுக்கினார்கள். அந்த நேரத்துக்கு நியாயமான யோசனைதான். ஆனால் தண்ணீர் பெஞ்சு உயரத்தைத் தாண்டியது. கனமான மூட்டைகளைச் சுமந்தபடி பலகை இரண்டு நாள் சேற்று நீரில் கிடந்தது.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் செய்வதையே செய்தார்கள். பலகையைக் கழுவி மொட்டைமாடியில், உட்காரும் முகம் வானத்தைப் பார்க்க, சிமெண்ட் தரையோடு தரையாக வெயிலில் போட்டார்கள். நாலைந்து நாளில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாக வீட்டில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் பிளந்து, நடுவில் குழிந்து கிடந்தது.

பட்டறைக்கு வந்தபோது பார்த்தது

டிசம்பர் நடுவில் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அகலவாக்கில் மட்டக்கட்டையை வைத்துப் பார்த்தபோது நடுவில் 11 மி.மீ. குழிவு. விரிசலின் நீளம் 26 அங்குலம், முனையில் அதன் அகலம் 6 மி.மீ. முதல் ஓரடிக்கு அது பலகையின் கனம் முழுவதையும் ஊடுருவியிருந்தது. மறுபக்க வெளிச்சம் தெரிந்தது.

ஈரமானி காட்டிய அளவுகள் சுவாரசியமானவை. வெயில் பட்ட மேல்முகம் 16 சதவீதம். அடிமுகம் 25-க்கு மேல். ஒரே பலகையில் ஒரு முகம் ஏறத்தாழக் காய்ந்திருக்க, மறுமுகம் ஊறிப்போய் இருந்தது. காய்ந்த முகம் சுருங்கும், ஊறிய முகம் விரிந்தபடியே நிற்கும். அதனால் பலகை காய்ந்த பக்கமாகக் குழியும். அதாவது அந்தக் குழிவில் ஒரு பகுதி தற்காலிகமானது, அடிமுகமும் காய்ந்தால் குறைந்துவிடும். இதைக் கவனிக்காமல் அன்றே இழைப்புளி போட்டுச் சமமாக்கினால், காய்ந்த பிறகு அது எதிர்ப்பக்கம் வளைந்து நிற்கும்.

அடுத்து பலகையைத் திருப்பிப் போட்டோம். அடியில், இரண்டு முனைகளுக்கும் அருகே, அகலவாக்கில் முனைக்கு ஒரு இரும்புப் பட்டை. ஒவ்வொன்றிலும் ஆறு திருகாணிகள், துளைக்குள் கெட்டியாக உட்கார்ந்தவை. சுமார் முப்பது வருடம் முன்பு ஒரு முனையில் மயிரிழை விரிசல் தெரிந்ததாம். பெரிதாகாமல் இருக்க வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பட்டை அடித்திருக்கிறார்கள். அதே சமயத்தில் மூலையில் இருந்த பித்தளை போல்ட்டுகளை எடுத்துவிட்டு இரும்பு போல்ட் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் மூத்த ஆசாரி விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முனையிலிருந்து 9 அங்குலம் வரை விரிசலின் உட்சுவர் கறுத்து, எண்ணெயும் தூசியும் ஏறி, நடுவில் பழைய மக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் உள்ள 17 அங்குலமும் இப்போதுதான் அறுத்த மரம் மாதிரி வெளிறிய நிறம். பழைய பிளவு எவ்வளவு, புதியது எவ்வளவு என்று இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. பழுது பார்க்க வரும் எந்த மரச் சாமானிலும் விரிசலைக் கழுவுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

நடந்தது இதுதான். மரம் ஈரத்தை ஏற்றும்போதும் இழக்கும்போதும் நீளத்தில் அநேகமாக மாறுவதில்லை, அகலத்தில் மாறும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும் மரம். அப்படியிருந்தும் 2 அடி அகலப் பலகை, ஊறிய நிலையிலிருந்து வீட்டுக் காற்றுக்கு ஏற்பக் காயும்போது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் சுருங்கும். இரும்புப் பட்டை அசையாது. ஊறியபோது பலகை விரியப் பார்த்தது, பட்டை விடவில்லை, நார்கள் நசுங்கின. காய்ந்தபோது சுருங்கப் பார்த்தது, அப்போதும் பட்டை விடவில்லை, பலகை பிளந்தது. ஏற்கெனவே 9 அங்குல வழி இருந்ததால் அதிலேயே மேலே ஓடியது.

போல்ட் துளைகளின் நிலையும் மோசம். கடற்காற்றில் துருப்பிடித்த இரும்பு பருத்து, துளையை உள்ளிருந்து நெருக்கியிருந்தது. துளையைச் சுற்றி மரம் கறுத்து, உளியால் குத்தினால் உதிரும் அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தது. துருவும் ஈரமும் சேர்ந்தால் தேக்குக்கும் அந்தக் கதிதான்.

என்ன செய்வது என்ற பேச்சு

குடும்பத்தில் மூன்று கருத்துகள் இருந்தன.

சென்னையில் இருக்கும் மூத்த மகன், புதுப் பலகை வாங்கிவிட்டு இதைச் சாமி அலமாரியாக வெட்டிவிடலாம் என்றார். அவருடைய கவலை பாதுகாப்பு. தை மாதம் தம்பி மகளுக்கு வளைகாப்பு நாள் குறித்தாகிவிட்டது. இந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்த ஊஞ்சலில் உட்கார்ந்துதான் வளையல் போட்டுக்கொண்டவர்கள். ஏழு மாதக் கர்ப்பிணியை விரிசல் விட்ட பலகையில் உட்காரவைக்க அவர் தயாராக இல்லை. இந்தக் கவலையை நாங்கள் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப் பேசவில்லை.

உள்ளூர்த் தச்சர் ஒருவர் வேறு வழி சொல்லியிருந்தார். விரிசல் வழியாகவே பலகையை இரண்டாக அறுத்து, விளிம்புகளை இழைத்து, பசை போட்டுச் சேர்த்து, மேல்முகத்தை மெஷினில் இழைத்துப் பாலிஷ் போடுவது. தப்பான யோசனை இல்லை. பசை ஒட்டு நன்றாக அமைந்தால் மரத்தைவிட ஒட்டு வலுவாக இருக்கும். ஆனால் வாள் ஆடுபுலிக் கட்டத்தின் நடுவே போகும். குழிவை இழைத்து எடுத்தால் இரண்டு கட்டங்களும் காணாமல் போகும், கனமும் குறையும்.

எழுபதைத் தாண்டிய மூத்த அம்மா பட்டறைக்கு நேரிலேயே வந்தார். பாதுகாப்பு, செலவு எதையும் பேசவில்லை. ஆசாரியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "என்ன வேணா பண்ணுப்பா, அந்தக் கட்டத்த மட்டும் அழிச்சிடாத. எங்க மாமியாரு என்னை தெனமும் தோக்கடிச்ச கட்டம் அது."

இதற்கு மேல் மேல்முகத்தில் இழைப்புளி வைக்கும் பேச்சே எழவில்லை. நாங்கள் முடிவாகச் சொன்னது: பலகையை அறுப்பதில்லை, மேல்முகத்தை இழைப்பதில்லை. ஆட்களின் எடை போல்ட் வழியாகப் பலகையின் பலவீனமான முனைக்குப் போகாதபடி அடியில் வேறு ஏற்பாடு செய்கிறோம். பலகை முழுதாகக் காயும்வரை தொங்கவிட மாட்டோம், வளைகாப்புக்குள் அது முடியாது. கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இரும்பைக் கழற்றியது

காயவைப்பதற்கு முன் பட்டைகள் போக வேண்டும். அவை இருக்கும்வரை பலகை காயக் காய இன்னும் பிளக்கும். துருப்பிடித்த திருகாணியை நேராகத் திருகினால் தலை ஒடியும். ஒவ்வொன்றின் தலையிலும் பற்றவைப்புக் கோலை வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, பிறகு திருகினோம். சூட்டில் இரும்பு விரிந்து ஆறும்போது துருவின் பிடி தளரும். பெரும்பாலானவை வந்துவிட்டன. ஒடிந்தவற்றைச் சுற்றிக் குழாய் போன்ற துளைப்பானால் வெட்டி எடுத்து, தேக்குக் குச்சியால் துளையை அடைத்தோம். போல்ட்டுகளை மட்டும் மேல்முகம் சிதறாதபடி அடியிலிருந்து அறுத்து எடுக்க வேண்டியிருந்தது.

பட்டைகள் வெளியே வந்த அன்றே முனையில் விரிசல் 6 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ. ஆனது. பசை, கிளாம்ப் எதுவும் இல்லாமலே. பட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது என்பதற்கு இது போதும்.

காயவைத்தல்

சேற்றை ஈரத்துணியாலும் மென்மையான தூரிகையாலும் துடைத்தோம். பிரஷர் வாட்டர் அடிக்கவில்லை. அது மெத்தென்று ஆன நாரைக் கிளப்பிவிடும். அடிமுகத்தில் ஆங்காங்கே பூசணம் பிடித்திருந்தது, அதை ஸ்பிரிட்டால் துடைத்தோம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பூசணம் பொதுவாக வளராது.

நிழலான, காற்றோட்டமான தாழ்வாரத்தில் ஒரே உயர ரீப்பர் கட்டைகளை வைத்து அவற்றின்மேல் பலகையைக் கிடத்தினோம். ஏற்கெனவே காய்ந்த மேல்முகத்தின் மேல் சாக்கு விரித்தோம். அடிமுகம் மட்டும் காற்றுக்குத் திறந்து. மின்விசிறியைப் பலகையின் மேல் நேராக வைக்கவில்லை.

எவ்வளவு காய வேண்டும்? இதற்குப் புத்தக எண்ணைவிட அந்த வீடே நல்ல அளவுகோல். வெள்ளம் எட்டாத கூடத்து உத்திரத்தில் ஈரமானியை வைத்துப் பார்த்தோம்: 14-15. அந்த வீட்டில் தேக்கு நிம்மதியாக இருக்கும் அளவு அதுதான், பலகையும் அங்கேதான் வந்து நிற்கும்.

ஈரமானி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. நாங்களும் இதைத்தான் அதிகம் நம்பினோம். பலகையை வாரம் ஒருமுறை மளிகை மண்டித் தராசில் நிறுத்தோம். வந்தபோது 37 கிலோ. முதலில் வேகமாகக் குறைந்து பிறகு மெதுவாகி, மார்ச் மாதம் 33 கிலோவில் நின்றது. அடுத்தடுத்த வாரங்களில் எடை மாறவில்லை என்றால் வெளியேறவேண்டிய ஈரம் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். ஈரமானி ஊசி மேல்தோலைத்தான் பார்க்கும். தராசு உள்ளே இருப்பதையும் சேர்த்துச் சொல்லும்.

11 மி.மீ. குழிவு இந்தக் காலத்தில் 4 மி.மீ.க்கு இறங்கியது. மீதியை அப்படியே விட்டோம். உட்காருபவருக்கு அது தெரியாது.

வளைகாப்பு

ஜனவரியில் பலகையில் இன்னும் 20 சதவீத ஈரம். நாளைத் தள்ளவும் முடியாது. கயிற்றால் அடியில் தொட்டில் மாதிரி கட்டி ஒரு நாளைக்கு மட்டும் தொங்கவிடலாமா என்று இளைய மகன் கேட்டார். மறுத்தோம். போல்ட் துளைகள் வெறும் ஓட்டை, விரிசல் திறந்தபடி, கொக்கிகள் சோதிக்கப்படவில்லை. இதில் ஒன்று மட்டும் இருந்தாலும் மறுத்திருப்போம்.

அப்புறம் வீட்டுப் பெண்களே ஒரு வழி கண்டார்கள். ஊஞ்சலில் உட்கார வேண்டும் என்பதுதான் முறை. அது ஆட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே? பலகையைத் தரையிலேயே போட்டு மணை மாதிரி உட்காரவைத்தால் என்ன? இதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. நீளம் முழுவதும் ஐந்து இடத்தில் சம உயரக் கட்டைகள் கொடுத்தால் விரிசல் மேல் எந்த இழுப்பும் வராது. பலகை ஒரு நாள் ஊருக்குப் போய், பட்டுத்துணி விரித்து, பெண் அதன்மேல் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டு, மறுநாள் திரும்பி வந்தது. சந்தனக் கறை ஒன்று புதிதாக ஒட்டிக்கொண்டு வந்தது, அதைத் துடைக்கவில்லை.

சடங்கும் நடந்தது, பலகையும் தொங்கவில்லை. இந்த வேலையில் எடுத்த முடிவுகளில் எனக்குப் பிடித்தது இது. அது எங்கள் யோசனையும் அல்ல.

விரிசலை மூடியது

காய்ந்து முடித்தபோது முனையில் விரிசல் 3 மி.மீ. கிளாம்ப் போட்டு இறுக்கி மூடினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த இறுக்கம் மரத்துக்குள்ளேயே தங்கும். அடுத்த கோடையில் பக்கத்தில் வேறு இடத்தில் பிளக்கும். அதனால் விரிசலை அதன் அகலத்திலேயே விட்டு, அதே ரேகையுள்ள பழைய தேக்குச் சிம்பு ஒன்றைச் செதுக்கி உள்ளே இறக்கினோம். சிம்பின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பசை, மறுபக்கம் வெறுமனே. பலகை சுருங்கினால் அந்தப் பக்கம் மயிரிழை திறக்கும், விரிந்தால் மூடும். இதற்கு வஜ்ஜிரம் என்ற விலங்குப் பசை போட்டோம். பின்னால் யாராவது எடுக்க நினைத்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இளகும்.

அடிமுகத்தில், விரிசலுக்குக் குறுக்கே, உடுக்கை வடிவத்தில் மூன்று தேக்குக் கட்டைகளைக் குழி வெட்டிப் பதித்தோம். இரண்டு முனையும் அகன்று இடை ஒடுங்கி இருப்பதால் பிளவு மேலும் அகலாமல் பிடித்துக்கொள்ளும். கடைசிக் கட்டை விரிசல் முடியும் இடத்துக்குச் சற்று அப்பால். கட்டைகள் சிறியவை, பலகை அகலத்தையே பூட்டிப் பிடிப்பவை அல்ல. இவற்றுக்கு மட்டும் எபாக்சி. வஜ்ஜிரம் இன்னொரு வெள்ளத்தைத் தாங்காது, இந்த இடம் இளகக் கூடாது. தேக்கில் இயற்கையாக எண்ணெய் இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்தோம். இல்லாவிட்டால் பசை பிடிக்காது.

எடையைத் தாங்கும் ஏற்பாடு

விரிசல் நீளவாக்கில் ஓடுவதால் பலகை நடுவில் ஒடிந்துவிடும் என்ற பயம் தேவையில்லை; நீள நார்கள் அறுபடவில்லை. ஆபத்து முனையில். நான்கு போல்ட்டும் பலகையைக் கவ்வி இழுக்கும் இடத்தில் மரம் மெத்தென்று இருக்கிறது, விரிசலும் அங்கேதான் தொடங்குகிறது.

எனவே பட்டைகள் இருந்த இடத்தில் இரண்டு தேக்குச் சட்டங்கள், 2 அங்குல அகலம், 3 அங்குல உயரம். சங்கிலியின் போல்ட் பலகையைக் கடந்து சட்டத்தின் அடியில் போய் நட்டோடு முடியும். இழுப்பைச் சட்டம் வாங்கிக்கொள்ளும், பலகை சட்டத்தின்மேல் படுத்திருக்கும். மெத்தென்ற மரத்தை எப்படியும் வெட்டி எடுக்க வேண்டியிருந்ததால், அந்தத் துளைகளை அகலவாக்கில் நீண்ட துளைகளாக ஆக்கினோம். போல்ட் 12 மி.மீ.; துளை 18 மி.மீ. பலகை அசைய இடம் கிடைத்தது. சட்டத்தைப் பலகையோடு பிணைக்கும் திருகாணிகளில் நடுவில் உள்ளதற்கு மட்டும் வட்டத் துளை, ஓரங்களில் உள்ளவற்றுக்கு நீள் துளை. பசை ஒரு துளிகூட இல்லை. பழைய பட்டைக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே அடிப்படை வித்தியாசம் அந்த நீள் துளைதான்.

போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடலோரத்தில் 304-ஐவிட அது நின்று உழைக்கும். மேலே தெரியும் இடத்தில் பழைய பித்தளைப் பூ வாஷர்களையே மறுபடி போட்டோம். நட்டை முழுக்க இறுக்காமல், பூட்டு நட்டு போட்டு நிறுத்தினோம்.

சட்டம் 3 அங்குலம் கீழே தொங்குவது பார்க்க நன்றாக இல்லை என்று மருமகள் சொன்னார். உண்மைதான். முனைகளை உருட்டி, முன்பக்கத்திலிருந்து கண்ணில் படாதபடி உள்ளே தள்ளினோம். உயரத்தை மட்டும் குறைக்கவில்லை.

சங்கிலியும் கொக்கியும்

பலகையைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததில் இதை மறந்துவிடும் வாய்ப்பு இருந்தது. சங்கிலி வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் தேயும். ஒவ்வொரு வளையத்தையும் அளந்ததில் மூன்று பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. அவற்றை மட்டும் பித்தளை வேலை செய்யும் ஒரு கன்னாரிடம் கொடுத்து வார்த்து மாற்றினோம்; கிளி, யானைகளைத் தொடவில்லை. உத்திரத்துக் கொக்கிகள் பழைய அடிப்பு இரும்பு, மேலே தகடு வைத்து முறுக்கியவை. ஒன்றில் தகட்டுக்கு அடியில் துரு தின்றிருந்ததால் நான்கையும் மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள்.

மேல்முகம்

பாலிஷ் போடவில்லை, உப்புத்தாள் போடவில்லை. ஆளிவிதை எண்ணெயை டர்பன்டைனில் மெல்லியதாகக் கலந்து துணியால் தேய்த்து, மிச்சத்தை உடனே துடைத்து எடுத்தோம். கடையில் வேகமாகக் காயும் வகை கிடைக்கும். அதில் உலோக உப்புகள் சேர்ப்பார்கள். சில மாதத்தில் குழந்தை தவழ்ந்து வாய் வைக்கப்போகும் பலகை என்பதால் அதைத் தவிர்த்தோம். சாதா எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும். ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் போட வேண்டும்.

போல்ட் துளைகளைச் சுற்றியிருந்த துருக்கறையை ஆக்சாலிக் அமிலத்தால் வெளிறச் செய்ய முடியும். அடிமுகத்தில் சோதித்தபோது கறை குறைந்தது. ஆனால் பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும். காயவைத்த பலகையை மறுபடி நனைக்க மனம் வரவில்லை. கறை இருக்கிறது. பூ வாஷர் பாதியை மறைக்கிறது.

தொங்கவிட்ட பிறகு

சித்திரையில் கூடத்தில் தொங்கவிட்டோம். முதலில் ஆள் ஏறவில்லை; 25 கிலோ அரிசி மூட்டைகள் பதினாறு, ஆக 400 கிலோ. அந்த எண்ணுக்குக் கணக்கு உண்டு. மூன்று பெரியவர்கள் சேர்ந்து 210 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 45 பாகை வரை ஆடினால், கீழே வரும் கணத்தில் சங்கிலியில் விழும் இழுப்பு நின்ற எடையைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம், அதாவது 330 கிலோவைத் தாண்டும். மூட்டைகளை இரவு முழுக்க விட்டுக் காலையில் அளந்தோம். சட்டம் வளையவில்லை, கொக்கி இறங்கவில்லை, சிம்பு ஓரம் திறக்கவில்லை. ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், நின்று ஆட வேண்டாம் என்று சொல்லி ஒப்படைத்தோம். மூத்த மகன் அன்று வந்திருந்தார். மூட்டைகளை இறக்கியதும் அடியில் குனிந்து நட்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சில நாளில் ஆடும்போது கிறீச் என்று சத்தம் வருவதாகப் போன் வந்தது. சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே உரசல். இடையில் மெழுகு தேய்த்ததும் நின்றது.

செலவைப் பொறுத்தவரை, கொக்கி, வளையங்கள் எல்லாம் சேர்த்து, ஒட்டுப் போட்ட புதுத் தேக்குப் பலகையின் விலையை நெருங்கிவிட்டது. இது மலிவான வழி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2025 ஐப்பசி மழை முடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். கோடையில் அளந்ததைவிடப் பலகையின் அகலம் 3 மி.மீ. கூடியிருந்தது. திருகாணி வாஷர்கள் நீள் துளையில் நகர்ந்த தடம் சட்டத்தில் பளிச்சென்று தெரிந்தது. சிம்பின் பசையில்லாத பக்கம் மூடியிருந்தது. உடுக்கைக் கட்டைகள் அசையவில்லை. பழைய பட்டைகள் இருந்திருந்தால் அந்த 3 மி.மீ. எங்கே போயிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி என்ன மாறும்

அந்த வீட்டில் மாறியது வெள்ள நேரத்து ஏற்பாடு. உத்திரத்தின் பக்கவாட்டில் கூடுதலாக இரண்டு கொக்கிகள் அடித்திருக்கிறார்கள். பலகையைக் கழற்றாமலே சங்கிலியோடு மேலே தூக்கி மாட்டிவிட இரண்டு பேர் போதும். மூட்டை அடுக்க இரும்பு ஸ்டாண்டு ஒன்று தனியாக வாங்கியாகிவிட்டது. ஒருவேளை மறுபடி நனைந்தால் மொட்டைமாடிக்குப் போகாது, தாழ்வாரத்து நிழலில் கட்டைகள்மேல் கிடக்கும் என்று முடிவு.

எங்கள் பட்டறையில் மாறியது, வெள்ளத்தில் நனைந்த மரம் பற்றிப் போன் வந்தால் முதலில் சொல்வது. முன்பு "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்போம். இப்போது, வெயிலில் இருந்தால் இன்றே நிழலுக்கு மாற்றுங்கள், அடியில் குறுக்கே இரும்பு இருந்தால் போட்டோ அனுப்புங்கள், வண்டி பிறகு வரட்டும் என்கிறோம்.

மூத்த அம்மாவின் தங்கை நெல்லிக்குப்பத்தில் இருக்கிறார். அவர் வீட்டு ஊஞ்சலிலும் அதே காலத்தில் அடித்த பட்டைகள், ஆனால் வெள்ளம் பார்க்காதது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அடியில் பார்க்கச் சொன்னார். முனையில் ஒரு சாண் அளவு மயிரிழை ஓடியிருந்தது. பட்டைகளைக் கழற்றி, நடுத் துளையை விட்டுவிட்டு மற்றவற்றை நீள் துளையாக அரம் போட்டு, துருவைத் தேய்த்து வண்ணம் பூசி, புதுத் திருகாணியோடு அதே பட்டைகளையே மறுபடி மாட்டினோம். அரை நாள் வேலை. பலகையை இறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.